லாலி ரோடு லாலியின் மகள் வாக்கப்பட்ட வீடு: கிப்ஸ் குடும்பத்துக் கதை

நொய்யல்கரை எழுதியது:

கோவைக்காரர்களுக்கு லாலி ரோட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற சாலை. "லாலின்னா யாருப்பா?" என்று போன மாதம் என் மகள் கேட்டாள். 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் லாலி என்று சொன்னேன். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளி கோவைக்கு மாறியதும் அதே 1906இல்தான். அவருடைய அண்ணன் வென்லாக் பிரபுவும் 1891 முதல் 1896 வரை இதே கவர்னர் நாற்காலியில் இருந்தவர். ஊட்டிக்குப் பக்கத்துப் புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் வந்தது அவரால்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆர்தர் லாலியின் மகள் அர்சுலா 1927இல் இரண்டாம் தாரமாக வாக்கப்பட்ட வீடு எது என்று தேடப் போய், அந்த வீட்டின் கதையிலேயே ஒரு மாதம் போய்விட்டது. இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டம், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ராக்ஸல் என்ற ஊர். வீட்டின் பெயர் டின்ட்ஸ்ஃபீல்டு. அதைக் கட்டியவர் வில்லியம் கிப்ஸ் (1790–1875). லண்டன் வியாபாரி. கடைசிக் காலத்தில் சாமர்செட் பண்ணையார். பிரபுப் பட்டம் இல்லாத இங்கிலாந்துக்காரர்களில் அந்தக் காலத்துப் பெரிய பணக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பணம் இல்லை, அது தொடங்கிய இடம். வில்லியமின் அப்பா ஆன்டனி கிப்ஸ், எக்ஸெடர் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரின் மகன். டெவன் பக்கத்துக் கம்பளித் துணியை ஸ்பெயினுக்கு அனுப்பி விற்றவர். 1789இல் மனிதர் நொடித்துப் போனார். பிள்ளைக்குப் பிணை நின்ற மருத்துவரும் சேர்ந்து மூழ்கினார். ஆன்டனி மனைவி டாரத்தியாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய், இங்கிலாந்துத் துணி முதலாளிகளின் ஏஜென்ட்டாகப் பிழைத்தார். மறு ஆண்டு மாட்ரிட்டில் வில்லியம் பிறந்தார். நெப்போலியன் சண்டையில் ஸ்பெயின் வியாபாரம் குலைந்த பிறகு, 1808இல் லண்டனில் ஒரு கம்பெனி திறந்தார் ஆன்டனி. 1815இல் கண்ணை மூடும்போது பழைய கடன் அப்படியே இருந்தது.

மூத்தவர் ஜார்ஜ் ஹென்றி, அடுத்தவர் வில்லியம். அப்பா பட்ட கடனையும் தாத்தா பட்ட கடனையும் பைசா பாக்கி இல்லாமல் தீர்ப்பது என்று அண்ணன் தம்பி இருவரும் முடிவு செய்தார்கள். சட்டப்படி அவர்கள் கட்ட வேண்டியதே இல்லை. கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேர் செத்திருப்பார்கள், அவர்களுடைய வாரிசைத் தேடிப் பிடித்துத்தான் கொடுத்திருக்க வேண்டும். 1789இல் விழுந்த கடன் 1840இல் தீர்ந்தது. 51 ஆண்டு. இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் கடனைத் தீர்த்தது எந்தப் பணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது குவானோ பணம். கடற்பறவை எச்சம்.

பெரு நாட்டுக் கடற்கரைக்கு எதிரே சிஞ்சாத் தீவுகள் என்று மூன்று சின்னப் பாறைத் தீவுகள் உண்டு. அங்கே கடல் குளிர்ந்த நீரோட்டம், அதனால் நெத்திலி மாதிரி மீன் கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கும். அதைத் தின்று லட்சக்கணக்கில் நீர்க்காகங்கள் தீவில் அடையும். மழை கிடையாது. எங்கேயும் பறவை எச்சத்தை மழை கரைத்துவிடும், தழைச்சத்து போய்விடும். சிஞ்சாவில் அது காய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, சில இடங்களில் 150 அடி உயரத்துக்கு நின்றது. இன்கா உழவர்களுக்கு அதன் அருமை தெரியும். குவானோ என்பதே கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1840களில் இங்கிலாந்து உழவர்கள் டர்னிப் வயலில் போட்டுப் பார்த்தார்கள், பிறகு அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

தீவு பெரு அரசின் சொத்து. கிப்ஸ் கம்பெனி அதை வாங்கவில்லை, அரசுக்காக விற்றுக் கொடுத்தது. விற்ற தொகையில் கமிஷன். எப்போதும் கஜானா காலியாக இருந்த பெரு அரசுக்கு முன்பணம் கொடுத்து, அதற்கு வட்டி. சரக்கு விலை சரிந்தால் அடி பெரு அரசுக்கு, முன்பணத்தின் வட்டி எப்படியும் வரும். இப்படி ஒரு ஏற்பாடு யாருக்குக் கிடைக்கும்? பறவை எச்சம் விற்றுக் காசு பார்த்தவர்கள் என்று கிப்ஸ் வீட்டாரைப் பற்றி ஒரு கேலிப் பாட்டே இங்கிலாந்தில் இருந்தது.

தேன்மொழி (பிரிஸ்டல்) எழுதியது:

கணக்கன் அண்ணா, நீங்கள் சொன்ன வியாபார முறை சரி. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கடன் தீர்ந்தது 1840. கிப்ஸ் கம்பெனி முதல் குவானோ ஒப்பந்தத்தில் சேர்ந்தது 1842. ஆக, அப்பா கடனுக்கும் குவானோவுக்கும் சம்பந்தம் இல்லை. அது முழுக்க ஸ்பெயினில் காடிஸ், பிறகு ஜிப்ரால்டர், பெருவில் லிமா, சிலியில் வால்பரைசோ என்று கிளை போட்டு நடத்திய சாதாரண ஏற்றுமதி இறக்குமதி லாபம்.

இன்னொன்று. அந்த ஒப்பந்தத்தைப் போட்டது லிமா கிளை. கடிதம் கடல் சுற்றி லண்டன் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். பெரு அரசுக்கு இவ்வளவு முன்பணமா என்று லண்டனில் வில்லியமுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அப்பா கடனைத் தீர்த்து முடித்து இரண்டே வருடம்! அதே 1842இல் அண்ணன் ஜார்ஜ் ஹென்றி வெனிஸில் இறந்துபோனார். கம்பெனிப் பொறுப்பு மொத்தமும் வில்லியம் தலையில்.

மறு ஆண்டு, 1843இல், பின்னாளில் டின்ட்ஸ்ஃபீல்டு ஆன டின்ட்ஸ் பிளேஸ் என்ற வீட்டை வாங்குகிறார். அப்போதும் குவானோப் பணம் பெரிதாகக் கைக்கு வரவில்லை. பெரிய வரவு 1840களின் கடைசியிலிருந்து 1861 வரை. வீட்டை இடித்துப் பெருக்கிக் கட்டியது 1863–65. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மனிதர் புரியமாட்டார்.

கணக்கன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தேன்மொழி. 1840, 1842 இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. என் முதல் பதிவில் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் வீட்டை எழுப்பியது குவானோதான். ஜான் நார்ட்டன் கட்டடக் கலைஞர், கட்டியது வில்லியம் கியூபிட் கம்பெனி, செலவு 70,000 பவுண்டு. கோதிக் பாணியில் கோபுரமும் கூம்புமாக எழுப்பிய அந்த வீட்டுக்கு அது இல்லாமல் பணம் ஏது?

செம்பருத்தி எழுதியது:

இவ்வளவு பேசுகிறோம், அந்த 150 அடி எச்சத்தை வெட்டியது யார்?

முதலில் கைதிகளும் அடிமைகளும் கூலிகளும். அப்புறம் 1849இல் பெரு அரசு ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரலாம், கொண்டுவருகிறவருக்கு ஊக்கத்தொகை என்று. அந்தச் சட்டத்தால் முதலில் பலன் அடைந்தவர் டொமிங்கோ எலியாஸ். சிஞ்சாவில் குவானோ வெட்டிக் கப்பலில் ஏற்றும் குத்தகையும் அவர் கையில்தான். 1849 முதல் 1874 வரை பெருவுக்கு வந்த சீனர்கள் 90,000க்கும் மேல். எல்லோரும் சிஞ்சாவுக்குப் போகவில்லை, கரும்புத் தோட்டம், பருத்தித் தோட்டம் என்று பிரிந்தார்கள். சிஞ்சாவுக்குப் போனவர்கள் பாடுதான் இருப்பதிலேயே மோசம். மரம் இல்லை, குடிதண்ணீர் இல்லை, எல்லாம் கரையிலிருந்து படகில் வர வேண்டும். காரம் ஏறிய மஞ்சள் தூசி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். பாறை விளிம்பிலிருந்து துணிக்குழாய் வழியாகக் கப்பலுக்குள் சரக்கைக் கொட்டுவார்கள். கப்பல் உள்ளறையில் நின்று அதைப் பரத்துகிறவர் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. கணக்குக்குக் குறைந்தால் சவுக்கடி. பாறையிலிருந்து கடலில் குதித்து உயிரை விட்டவர்களைப் பற்றி அங்கே சரக்கேற்றப் போன கப்பல்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு எக்ஸெடரில் கடன் கொடுத்தவர்களை 51 வருடம் மறக்காத குடும்பம் இது. அதனால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. கடன் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் செய்திருந்தால் இந்த அளவுக்கு வலிக்காது.

நொய்யல்கரை எழுதியது:

செம்பருத்தி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறுக்க ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வெட்டும் குத்தகையைக் கொடுத்தது பெரு அரசு, ஆட்களை வைத்தது எலியாஸ். கிப்ஸ் கம்பெனியின் வேலை கப்பல் அமர்த்துவது, விற்பது, கணக்குக் கொடுப்பது. வில்லியம் சிஞ்சாவை ஒரு நாளும் பார்த்தவர் இல்லை. கையில் வந்த பணத்தைக் கோயிலுக்கும் கல்லூரிக்கும் கொடுத்தார். எக்ஸெடரில் புனித மைக்கேல் கோயில், மாமனார் ஊரான ஃப்ளாக்ஸ்லியில் ஒரு கோயில், ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியின் தேவாலயம் முழுவதும் அவர் செலவு. அதே கல்லூரியின் உணவுக்கூடத்தையும் நூலகத்தையும் மகன்கள் இருவரும் கட்டிக் கொடுத்தார்கள். பக்தி வெளிவேஷம் இல்லை. வீட்டில் தினமும் வேலைக்காரர்கள் உட்பட எல்லோரும் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள்.

செம்பருத்தி எழுதியது:

பக்தியை நான் சந்தேகிக்கவில்லை அண்ணா. பார்த்தவர் இல்லை என்கிறீர்கள். எக்ஸெடர் கடன்காரர்கள் எல்லோரையும் அவர் பார்த்திருந்தாரா? 1789இல் அவர் பிறக்கவே இல்லை. பெயரும் தொகையும் ஒரு ஏட்டில் இருந்தன, அதனால் கொடுக்க முடிந்தது. சிஞ்சாவில் இறந்த ஆட்களுக்கு லண்டன் ஏட்டில் ஒரு பக்கம் இல்லை. குத்தகைக்காரருக்குக் கீழே குத்தகைக்காரர் என்று அடுக்கி வைத்த வியாபாரத்தில் அந்தப் பக்கம் யார் மேசைக்கும் வந்து சேராது. அந்த ஏற்பாட்டைத்தான் நாம் பேச வேண்டும்.

கணக்கன் எழுதியது:

இதோடு சேர்த்து ஒரு தகவல். 1854இல் பெரு அடிமை முறையை ஒழித்தது. ஏறத்தாழ 25,500 பேர் விடுதலை ஆனார்கள். அடிமைகளின் உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்த பணம் குவானோ வருமானத்திலிருந்து வந்தது. அதாவது சீனக் கூலிகள் வெட்டிய சரக்கின் காசில், ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடு. உழைத்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றும் இல்லை. எழுதும்போது எனக்கே கை கனக்கிறது.

மரபுவேர் எழுதியது:

வம்சாவளி தேடுகிறவன் என்ற முறையில் சில குழப்பங்களைத் தீர்த்து வைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் ஜார்ஜ், ஆன்டனி, விகாரி என்ற மூன்று பெயரும் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு அது பழக்கம்தான், ஆனால் பிறந்த ஆண்டைப் பக்கத்தில் எழுதாமல் இறங்காதீர்கள்.

நொடித்துப் போன ஆன்டனியின் அண்ணன் சர் விகாரி கிப்ஸ் (1751–1820) பெரிய வக்கீல், அட்டர்னி ஜெனரல், பிறகு தலைமை நீதிபதி. வாய் கொஞ்சம் புளிப்பு, வினிகர் கிப்ஸ் என்றே கூப்பிட்டார்கள். இரண்டாவது விகாரி கிப்ஸ் (1853–1932) ஜார்ஜ் ஹென்றியின் பேரன். இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் பெரிய வம்சாவளித் தொகுப்பின் இரண்டாம் பதிப்பைக் கவனித்துக்கொண்டவர் இவர். ஊரார் வம்சாவளியில் கட்டுக்கதைகளை ஈவு இரக்கம் இல்லாமல் வெட்டியவர் என்பதால் எனக்கு இவர் மேல் தனி மரியாதை.

இவருடைய அப்பா ஹென்றி ஹக்ஸ் கிப்ஸ் (1819–1907) வில்லியமுக்கு அண்ணன் மகன். வில்லியம் வயதாகி ஒதுங்கிய பிறகு கம்பெனியை உண்மையில் நடத்தியவர் இவர்தான். 1875 முதல் 1877 வரை பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கவர்னர், 1896இல் ஆல்டன்ஹாம் பிரபு. 1864இல் வேட்டையின்போது துப்பாக்கி வெடித்து ஒரு கை போனது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குச் சொல் திரட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். சொந்தக் குடும்பத்தின் வம்சாவளியை 1890இல் தொகுத்து அச்சிட்டவரும் இவரே.

இன்னொரு கிளையை யாரும் தொடவில்லை. பிரிஸ்டலில் இருந்த ஜார்ஜ் கிப்ஸ், வில்லியமின் ஒன்றுவிட்ட அண்ணன், வில்லியமின் உடன்பிறந்தவளைக் கட்டிய வகையில் மச்சானும்கூட. அவருடைய கம்பெனி மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரை வியாபாரத்தில் இருந்தது. 1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்களே, அதில் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் என்ற வகையில் அந்தக் கம்பெனியும் பங்கு பெற்றது. 1846இல் அயர்லாந்துக் கரையில் தரை தட்டிய கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலை 1850இல் 25,000 பவுண்டுக்கு வாங்கி, ஆஸ்திரேலியாவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல விட்டதும் அதே கம்பெனிதான். பெயர் அப்போது கிப்ஸ் பிரைட்.

வில்லியம் ஏன் சாமர்செட்டில் நிலம் வாங்கினார் என்பதற்கும் இவர்தான் காரணம். ஜார்ஜின் பெல்மான்ட் வீடு பக்கத்து மேட்டில். லண்டனுக்கும் எக்ஸெடருக்கும் போகவர வில்லியம் தங்கும் இடம் அது. 1841இல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் முழுமையாக ஓடத் தொடங்கியது. அந்த ரயில்வே கம்பெனியில் கிப்ஸ் உறவினர்கள் இயக்குநர்கள். வாரம் முழுக்க லண்டன் ஆபீஸ், பிறகு ரயிலேறினால் சொந்தப் பண்ணை. அந்த வாழ்க்கையை ரயில்தான் சாத்தியமாக்கியது.

நொய்யல்கரை எழுதியது:

மரபுவேர் ஐயா, நன்றி. ஒரு கேள்வி. வியாபாரத்தில் கொழிக்கிறவருக்கு நிலம் எதற்கு?

மரபுவேர் எழுதியது:

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பணக்காரர் வேறு, பெரிய மனிதர் வேறு. நிலம் இருந்தால்தான் மாவட்டத்தில் நாற்காலி. குடியானவர்கள் குத்தகை கொடுப்பார்கள், கோயிலில் தனி இருக்கை, மாஜிஸ்திரேட் வேலை, வேட்டை, பெண் கொடுத்து எடுக்கும் இடம் எல்லாம் அதிலிருந்து வரும். வில்லியம் 1839இல், 49 வயதில், ஃப்ளாக்ஸ்லி அபே குடும்பத்துப் பெண் மட்டில்டா பிளாஞ்சைக் கட்டினார். பெண்ணின் அப்பா பரம்பரை சர் பட்டக்காரர். பெண்ணுக்கு 22 வயது. ஏழு பிள்ளைகள். நிலம் வாங்கியது கல்யாணத்துக்கு அப்புறம் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த தலைமுறையில் மூத்தவர் ஆன்டனி (1841–1907) முழுப் பண்ணையார், லண்டன் கம்பெனியில் ஈடுபாடு இல்லை. வீட்டுக்குள் மின்விளக்கு, கொல்லர் பட்டறை, தந்த வேலை என்று கைவேலைப் பிரியர். அவர் மகன், அதாவது அர்சுலாவின் கணவர், ஜார்ஜ் ஏபிரகாம் 1906 முதல் 1928 வரை பிரிஸ்டல் மேற்குத் தொகுதியின் எம்.பி., 1928இல் ராக்ஸல் பிரபு. நொடித்த துணி வியாபாரியிலிருந்து பிரபு வரை எண்ணினால் நான்கு தலைமுறை.

தேன்மொழி (பிரிஸ்டல்) எழுதியது:

போன ஞாயிறு டின்ட்ஸ்ஃபீல்டுக்கு நேரில் போய் வந்தேன், இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் போனேன். முன்பும் போயிருக்கிறேன், அப்போது மரச்செதுக்கல், கண்ணாடி, புத்தகம் என்று பார்த்தேன். இந்த முறை கண் வேறு மாதிரி பார்த்தது. வீட்டுக்கு முன் புல்வெளி சரிந்து இறங்குகிறது, எதிரே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. குவானோவின் வாடை ஒரு கல்லில்கூடக் கிடையாது. முகப்பில் பூவும் இலையும் பறவையுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

வீட்டோடு சேர்ந்த தேவாலயத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்தர் பிளாம்ஃபீல்டு வடிவமைத்தது, 1870களில் கட்டியது. வில்லியம் 1875 ஏப்ரலில் காலமானார். கீழே நிலவறை இருக்கிறது. தன்னை அங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஊர்ப் பாதிரியார் ஒப்பவில்லை. பண்ணையார் வீட்டுக் கோயிலுக்கு அந்த உரிமை வந்துவிட்டால் ஊர்க் கோயிலின் பிடி தளரும் என்ற பயம். பிஷப்பும் அர்ப்பணிப்புச் சடங்கு செய்ய மறுத்துவிட்டார். ராக்ஸல் ஊர்க் கோயில் வளாகத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். அத்தனை கோயில் கட்டியவர்.

செம்பருத்திக்கு: இப்போதெல்லாம் வீட்டுக்குள் குவானோ பற்றியும் சீனக் கூலிகள் பற்றியும் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நான் கேட்டதும் அங்கிருந்த தன்னார்வப் பெரியவர் பதில் சொல்லத் தயங்கவில்லை.

செம்பருத்தி எழுதியது:

நன்றி தேன்மொழி. அது எனக்கு முக்கியமான செய்தி.

கணக்கன் எழுதியது:

வியாபாரம் பின்னாளில் என்ன ஆனது என்பதையும் பதிந்துவிடுகிறேன். 1861க்குப் பிறகு குவானோ ஒப்பந்தம் கைமாறியது. 1870களில் சிஞ்சாத் தீவுகளே சுரண்டி முடிந்தன. கிப்ஸ் கம்பெனி சுதாரித்துக்கொண்டு, அப்போது பெருவின் தெற்கில் இருந்த தாராபாக்கா பாலைவனத்து வெடியுப்புக்கு மாறியிருந்தது. அந்தப் பக்கத்து வெடியுப்புப் பாலைவனங்களுக்காகத்தான் 1879இல் சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் ஒரு பக்கம் நின்று சண்டை போட்டார்கள். கம்பெனி பிறகு லண்டனில் வியாபார வங்கியாக நீண்ட காலம் நடந்தது.

நொய்யல்கரை எழுதியது:

நான் தொடங்கிய அர்சுலாவுக்கே வருகிறேன். 1927இல் கல்யாணம், 1928இல் மூத்தவன் ரிச்சர்டு, 1929இல் இளையவன் யூஸ்டஸ், 1931இல் கணவர் இறந்துபோனார். மூன்று வயதுப் பையன் இரண்டாம் ராக்ஸல் பிரபு. கைம்பெண்ணாக அந்தப் பெரிய வீட்டையும் பண்ணையையும் கட்டிக் காத்தது இந்தக் கவர்னர் மகள்தான். பராமரிக்க முடியாமல் 1935இல் கடிகாரக் கோபுரத்தை இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிஸ்டலில் குண்டு விழுந்தபோது ஒரு பெண்கள் பள்ளிக்கு இடம் கொடுத்தார். தோட்டத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை. 1979இல் காலமானார்.

ரிச்சர்டு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி நாளில் மூன்று அறைகளோடு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு, மற்ற அறைகளைப் பூட்டி வைத்திருந்தார். 2001இல் அவர் இறந்தபோது சொத்துக்கு 19 வாரிசு. விற்றுப் பிரிக்க வேண்டிய நிலை. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, தேசிய மரபு நிதியிலிருந்து 1 கோடியே 74 லட்சம் பவுண்டு பெற்று, 2002 ஜூனில் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு வாங்கியது. நான்கு தலைமுறை எதையும் தூக்கி எறியாத வீடு. பொருள்களை எண்ணத் தொடங்கி 50,000ஐத் தாண்டிவிட்டார்கள்.

ரிச்சர்டின் முழுப் பெயர் ஜார்ஜ் ரிச்சர்டு லாலி கிப்ஸ். இதை மகளிடம் காட்டினேன். "நம்ம ரோட்டுப் பேரு அவங்க வீட்டுக்கும் போயிருக்கே" என்றாள். பிறகு செம்பருத்தியின் பதிவைக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. சிஞ்சாத் தீவு எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொன்னாள். காட்டினேன், பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே மூன்று புள்ளி.